படுத்தவர் பெயர்

திருப்பரங்குன்றத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வடபுறத்துச் சந்நிதியில் முருகப்பெருமானைத் தரிசித்து, விபூதிப் பிரசாதத்துடன் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பாழடைந்ததைத் தேடியலையும் பித்துப் பிடித்த என்னைப் போன்ற சிலர்தாம் குன்றைச் சுற்றிக்கொண்டு, மேற்குச் சரிவில் மூச்சு வாங்க ஏறி, சமண முனிவர்கள் வாழ்ந்த குகையிலுள்ள கற்படுக்கைகளின் முன்னே போய் நிற்கிறோம்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வெட்டப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களில் ஒன்று, எருக்காட்டூரைச் சேர்ந்த பொலாலையன் என்பவனைக் குறிக்கிறது. அவன் ஈழத்துக் குடும்பிகன் என்று அறிஞர்கள் பொருள் கொள்வர். வேலையைச் செய்தவன் ஆய்சயன் நெடுசாதன். படுக்கையைக் கொடுத்தவன் பெயர் இருக்கிறது. குடைந்தவன் பெயரும் இருக்கிறது. படுத்தவர் பெயர் இல்லை. மனையும் மக்களும் உடைய பொலாலையன் தன் வீட்டிலே உறங்கியிருப்பான். இந்தக் கல்லிலே முதுகு சாய்த்து, 'நான்' என்பதைத் தேய்த்துத் தேய்த்து அழிக்க முயன்ற துறவிகளோ அம்முயற்சியில் பூரணமாக வெற்றி பெற்றுவிட்டார்கள் போலும்!

வடபுறக் குடைவரையிலும் பெயர்கள் உண்டு. கி.பி. 773-இல், நெடுஞ்சடையன் பராந்தக பாண்டியனின் காலத்தில், சாத்தன் கணபதி என்னும் தலைவன் கோயிலையும் குளத்தையும் திருத்தியதைச் சொல்லும் கல்வெட்டு, துர்க்கைக்கும் சேட்டைத் தேவிக்கும் கோயில் எடுத்த அவன் மனைவி நக்கன் கொற்றியையும் மறவாமல் சொல்கிறது. கணவனின் நிழலில் அவள் மறைந்துபோகாதது எனக்குத் தனி மகிழ்ச்சி.

தெற்கே உமையாண்டார் கோயிலில் சங்கதி வேறு. சமணருடையதாயிருந்த அந்தக் குகை, 13-ஆம் நூற்றாண்டில், மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில் சிவாலயமாயிற்று. தீர்த்தங்கரர் வீற்றிருந்த இடத்தில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளினார். ஆயினும், மூர்த்தியை மாற்றிய உளி, அவருக்கு மேலே கிளை விரித்திருந்த அசோக மரத்தை விட்டுவைத்தது. அழகைக் கண்டு கை தயங்கிற்றோ, அன்றிக் கூலி அவ்வளவுக்குத்தான் பேசியிருந்தார்களோ, நானறியேன். மரம் மட்டும் இன்றும் நிற்கிறது.

இன்னொன்று நிலைக்கவில்லை. இக்குன்றிலிருந்த சித்திர மண்டபத்தில் மக்கள் இரதியையும் மன்மதனையும் அகலிகையையும் சுட்டி, 'இது யார், அது யார்' என்று கேட்டுக் களித்ததைப் பரிபாடல் வருணிக்கிறது. எனக்கு முன்னே வந்த வேடிக்கை பார்ப்பவர்கள் அவர்கள்! மண்டபத்தின் வர்ணத்தில் ஒரு துளியும் மிஞ்சவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. எது நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், நிலைக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்று இதை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

இவ்வளவு வேதாந்தம் பேசுகிற நான், பன்னிரண்டு வயதில் பள்ளிப் பிள்ளைகளோடு இங்கே வந்தபோது, ஏறும் வழியிலிருந்த பாறையொன்றில், காம்பஸ் முனையால் என் பெயரின் முதலிரண்டு எழுத்துக்களைக் கீறியவன். சென்ற மார்கழியில் அந்தப் பாறையைத் தேடினேன். காதலர் பெயர்களும் ரசிகர் மன்றப் பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து கிடந்தன, என்னுடையது அகப்படவில்லை. நல்லதாயிற்று, ஒரு பாவம் தொலைந்தது என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். பாதி வழி வந்தபின், யாரும் பார்க்கவில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு, மறுபடியும் ஏறிப் போய் இன்னொரு முறை தேடினேன்.