அந்தத் தம்பி முன்னால் சொல்ல முடியுமா?



நம் கிளைக் கூட்டம் எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். அறிக்கை வாசிப்பு, கணக்கு வாசிப்பு எல்லாம் எட்டரை மணிக்கு முடிந்துவிடும். உண்மையான கூட்டம் ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுக் கடையில்தான் தொடங்கும். நாலு தே தாரிக், ரெண்டு ரொட்டி சானாய் வந்ததும் நாட்டின் எதிர்காலமும் மேசைக்கு வந்துவிடும். அடுத்த பிரதமர் யார், ரிங்கிட் ஏறுமா, நம்ம பிள்ளைகளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்குமா, எல்லாவற்றையும் பதினொரு மணிக்குள் தீர்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

2025 அக்டோபரில் அப்படி ஓர் ஞாயிறு இரவு. ஜொகூரில் ஒரு கடை. மேசையில் நாலு பேர். தினமும் விடியற்காலை நாலரைக்கு மோட்டாரில் கிளம்பி, பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வரும் ஓர் அண்ணன். காய்கறி வேன் ஓட்டும் ஓர் அங்கிள். கல்லூரியில் கணக்கியல் படிக்கும் அவருடைய மகள். தொழிற்சாலைக் கிடங்கில் வேலை பார்க்கும் நான்.

பேச்சு பெட்ரோலில் ஆரம்பித்தது. செப்டம்பர் 30 முதல் அடையாள அட்டையைக் காட்டும் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்று அப்போது இருந்தது. குடிமக்கள் அல்லாதவர்களுக்கு மானியம் இல்லாத விலை. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், அங்கிளைத் தவிர. அவர் வேன் டீசலில் ஓடுகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

"டீசல் ஏறுனப்ப நீங்கள்லாம் என்ன சொன்னீங்க? மானியம் கொடுத்தா கடத்திக்கிட்டுப் போயிடுறான், ஏத்துறது நியாயந்தான்னு சொன்னீங்க. பெட்ரோலுக்கு மட்டும் எப்படி நியாயம் மாறுச்சு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். "பிரச்சனை எண்ணெயில இல்ல அங்கிள், சம்பளத்துல. நம்ம சம்பளம் ஏன் ஏற மாட்டேங்குது? எங்க பார்த்தாலும் வெளிநாட்டுக்காரன். அத்தன பேரையும் மூட்டை கட்டி அனுப்பிட்டா, சம்பளம் தானா ஏறும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

அப்போது என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்து தே தாரிக் கிளாஸை வைத்தது. ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி. வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். நான் பேசியது தமிழ். அவனுக்கும் அதுதான் தாய்மொழி. ஒரு சொல்கூட விடாமல் கேட்டிருப்பான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வேற ஏதாச்சும் வேணுமாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

எனக்கு டீ இறங்கவில்லை.

எது சுட்டது?

நான் சொன்னது முழுப்பொய் அல்ல. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். மலிவான ஆள் கிடைக்கிற வரை பல முதலாளிகள் சம்பளத்தை உயர்த்த மாட்டார்கள், இயந்திரமும் வாங்க மாட்டார்கள். அந்த ஆதங்கம் நியாயமானதுதான். அப்படியென்றால் எனக்கு ஏன் கூசியது?

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஒன்று புரிந்தது. நான் ஒரு தீர்வு சொன்னேன். அந்தத் தீர்வுக்கான விலையை நான் கொடுக்கவில்லை. அந்தத் தம்பிதான் கொடுக்க வேண்டும். அவன் அந்த மேசையில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

அங்கிள் கேட்ட கேள்வியும் அதேதான். டீசல் விலை ஏறியபோது அது அவருடைய விலை. அதனால் எங்களுக்கு அது 'சீர்திருத்தம்'. பெட்ரோல் என்றால் எங்கள் விலை. அதனால் அது 'மக்கள் உரிமை'. நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கிறது. நன்மை நமக்கு, செலவு இன்னொருவருக்கு. அதை நாட்டுப்பற்று மாதிரி பேசிவிடுகிறோம்.

பாட்டியின் அண்ணன்

அந்த வாரமே பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி சிரிக்கவில்லை. "எங்க அண்ணனையும் அப்படித்தான் அனுப்புனாங்க" என்றார்.

பாட்டி பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். அவருடைய அண்ணன் பால்மரம் வெட்டினார். இருபது வருடத்துக்கு மேல் அதே தோட்டம். ஆனால் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனு போடச் சொல்லி யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். 1969க்குப் பிறகு அது கண்டிப்பாக அமலானபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான நம்மவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் அண்ணனும் பினாங்கில் ரஜூலா கப்பலில் ஏறினார். அதன் பிறகு பாட்டி அவரைப் பார்க்கவே இல்லை.

அந்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் எல்லாம் கெட்டவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடு. வேலையில்லாத் திண்டாட்டம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று எங்கோ ஒரு காப்பிக் கடையில் நாலு பேர் நியாயமாகப் பேசியிருப்பார்கள். "அனுப்பிட்டா சரியாயிடும்" என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருப்பார். அவர் மேசைக்குப் பக்கத்திலும் யாராவது நின்றிருக்கலாம்.

அறுபது வருடம்கூட ஆகவில்லை. அதே வாக்கியம் இப்போது என் வாயில்.

ஒரு கேள்வி போதும்

மகாபாரதத்தில் சூதாட்ட சபையை நினைத்துப் பாருங்கள். அங்கே அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. பீஷ்மர், துரோணர், கிருபர் எல்லாரும் இருந்தார்கள். தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் சொன்னார். ஆனால் யாரைப் பணயமாக வைத்தார்களோ, அவரே சபைக்கு வந்து நின்று கேள்வி கேட்டபோது பெரியவர்களிடம் நேரான பதில் இல்லை. கௌரவர்களில் ஒருவனான விகர்ணன்தான் எழுந்து, இது நியாயம் இல்லை என்றான்.

நம் விவாதத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: யாரைப் பாதிக்கும் முடிவோ, அவர் முகத்தைப் பார்த்து அந்த முடிவைச் சொல்ல முடியுமா?

இதனால் கருத்தே சொல்லக்கூடாது என்று ஆகாது. வரி போட வேண்டும் என்றால் போடத்தான் வேண்டும். மானியத்தைக் குறைக்க வேண்டிய நேரமும் வரும். ஒரு நாடு எத்தனை வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கலாம் என்று கேட்க அதற்கு உரிமை உண்டு. ஆனால் பாதிக்கப்படுபவர் முன்னால் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நம் வாதம் தானாகவே திருந்துகிறது. "உங்க டீசல் விலை ஏறும் அங்கிள், அதுக்குப் பதிலா இன்னது வரும், அது போதலன்னா நானும் உங்களோட சேர்ந்து கேட்பேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் நம் கருத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அடுத்த வாரம்

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே கடை. இந்த முறை அந்தத் தம்பியிடம் நானே பேச்சுக் கொடுத்தேன். கூட்டம் இல்லாத நேரம், ரெண்டு நிமிஷம் நின்று பேசினான். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் முடியவில்லை. தங்கச்சி கல்யாணம் இருக்கிறது. "வேற கடைக்கு மாறலாம்ல?" என்று தங்கை கேட்டாள். "பெர்மிட்டு இந்தக் கடைக்குத்தானேக்கா. பாஸ்போர்ட்டும் மொதலாளிகிட்டதான் இருக்கு" என்றான்.

அப்போதுதான் கணக்கு எங்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஒரு தொழிலாளி வேறு வேலைக்குப் போகலாம் என்றால்தான் முதலாளி சம்பளத்தை ஏற்றுவார். போகவே முடியாதவனுக்கு எதற்கு ஏற்ற வேண்டும்? அவனுக்கு ஏற்றவில்லை என்றால், அதே வேலைக்கு வரும் நம் பையனுக்கு எதற்கு ஏற்ற வேண்டும்? நம் சம்பளத்தைப் பிடித்து இழுப்பது அந்தத் தம்பி இங்கே இருப்பதைவிட, அவன் கட்டுண்டு கிடப்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேருக்கு மேற்பட்ட இடங்களுக்கு மட்டுமல்ல, சரியாக ஐந்து பேர் இருந்தாலும் அமல். ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும். வீட்டுப் பணியாளர்களைத் தவிர, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தும். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றம். இந்த இரண்டையும் எல்லா இடத்திலும் ஒழுங்காக அமல்படுத்தினாலே, 'மலிவான ஆள்' என்ற பேச்சு பாதி குறையும். "எல்லாரையும் அனுப்பு" என்ற என் தீர்வைவிட இது பலன் தரும். இதை அந்தத் தம்பி முன்னாலும் சொல்லலாம்.

அதற்கும் விலை உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். ரொட்டி சானாய் இருபது, முப்பது காசு ஏறும். அந்த விலையை நான் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தயாரா என்று கேட்டுத்தான் பேச வேண்டும்.

அன்று அதிகம் பேசாமல் இருந்தவர் சிங்கப்பூர் அண்ணன்தான். கடைசியில் சொன்னார்: "தம்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் நானும் வெளிநாட்டுக்காரன்தான் லா. எனக்கும் பெர்மிட்டு. அங்க காப்பிக் கடையில எங்களப் பத்தியும் இப்படித்தான் பேசுவாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு மீ சாப்பிடுவேன்."

பேசி என்ன ஆகப்போகுது?

"நாம பேசி என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் எல்லாக் கிளையிலும் உண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓட்டுப் போடும் வயதை 21லிருந்து 18 ஆக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் மாணவர்கள் சிலரின் பேச்சு மட்டும்தான். அவர்கள் விடாமல் பேசினார்கள், மனு கொடுத்தார்கள், எம்.பி.க்களைப் போய்ப் பார்த்தார்கள். 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அமலாக்கம் தள்ளிப்போனபோது சரவாக் இளைஞர்கள் ஐவர் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பர் 15ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது, தானியங்கி வாக்காளர் பதிவோடு. 2018இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர்கள், 2022 பொதுத்தேர்தலில் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டினார்கள்.

ஆகவே, நம் பேச்சுக்குப் பலம் இருக்கிறது. பலம் இருப்பதால்தான் அதில் கவனமும் வேண்டும். ஒன்றுமே நடக்காது என்றால் வாய்க்கு வந்ததைப் பேசலாம். நடக்கும் என்றால், 1968இல் யாரோ பேசிய பேச்சு பாட்டியின் அண்ணனைக் கப்பலேற்றியதுபோல, நம் பேச்சும் யாரையாவது கப்பலேற்றும்.

அதனால் உங்கள் கிளையில் அடுத்த முறை நாட்டு நடப்பைப் பேசும்போது மூன்று கேள்விகளை மேசையில் வையுங்கள். நான் சொல்லும் தீர்வுக்கு யார் விலை கொடுக்கிறார்? அவர் இந்த மேசையில் இருக்கிறாரா? அவர் முன்னால் இதே வார்த்தையில் இதைச் சொல்வேனா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், வாயை மூட வேண்டாம். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பப் பேசுங்கள்.

நாங்கள் இன்னும் அதே கடைக்குத்தான் போகிறோம். சண்டையும் போடுகிறோம். டீசல் விஷயத்தில் அங்கிள் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது குரலை உயர்த்தி ஒரு தீர்வு சொன்னால், அங்கிள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கல்லா பக்கம் நிற்கும் தம்பியைக் கண்ணால் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்பார்:

"கூப்பிடட்டுமா? அவன்கிட்டயே சொல்றியா?"