இரவல் குரல்

மேடையின்மீது ஒரு பியானோ, ஒரு கிதார், எளிய கறுப்பு உடையில் 68 வயது மனிதர் ஒருவர். வாத்தியக் குழு இல்லை. வண்ண விளக்குகளின் ஆரவாரம் இல்லை. அரங்கில் அமர்ந்திருப்போர் ஆயிரம் பேருக்கும் குறைவு. பாடத் தொடங்கும்போதே அவர் தம்மைப் பற்றிச் சில சொற்கள் கூறுகிறார். தாம் வாழ்நாளில் ஒரு தொழிற்சாலையிலும் வேலை பார்த்ததில்லை என்கிறார். காலையில் போய் மாலையில் திரும்பும் உத்தியோகம் எதிலும் இருந்ததில்லை, உடல் நோக உழைத்ததில்லை என்கிறார். ஆயினும் தாம் எழுதிய பாடல்களெல்லாம் அந்த உழைப்பைப் பற்றியனவே என்கிறார். அவையோர் சிரிக்கின்றனர். சிரிப்பு அடங்கிய பின்னும் அடங்காமல் நிற்கும் வினா ஒன்று உண்டு. தான் வாழாத வாழ்வைப் பாடிப் புகழ் பெறுகிறவன் பொய்யனா?

இவ்வினா அந்தப் பாடகரோடு முடிவதன்று. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, ஊரைப் பாடுவதையே விழாவாகக் கொண்ட நமக்கும் உரியது. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் அவரைக் காண்போம்.

அவர் அமெரிக்க நாட்டின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1949ஆம் ஆண்டில் பிறந்து, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃப்ரீஹோல்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையார் தொழிற்சாலைத் தொழிலாளியாகவும், பேருந்து ஓட்டுநராகவும், சிறைக் காவலராகவும் வேலை மாறி மாறிக் குடும்பத்தைக் காத்தவர். தாயார் வழக்கறிஞர் அலுவலகச் செயலாளர். 1975இல் வெளிவந்த ‘பார்ன் டு ரன்’ என்னும் இசைத்தட்டு மகனை நாடறியச் செய்தது. அதன் பின்னர் ராக் இசை உலகில் அவர் பெயர் பேரொலியின் பெயராயிற்று. 1988இல் அன்றைய கிழக்கு பெர்லினில் அவர் பாடியபோது திரண்டவர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அத்தகையவர் 2017 அக்டோபர் முதல் 2018 டிசம்பர் வரை, நியூயார்க் நகரின் பிராட்வே நாடகத் தெருவிலுள்ள வால்டர் கெர் அரங்கில் 236 முறை தனியே நின்று பாடினார். இரண்டு பாடல்களுக்கு மட்டும் மனைவியார் உடன் நின்றார். எஞ்சிய நேரமெல்லாம் ஒரு மனிதரும் ஒரு கருவியுமே. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தம் வாழ்க்கையைச் சொன்னார். இறுதி நிகழ்ச்சி முடிந்த மறுநாளே அது நெட்ஃபிளிக்ஸ் வழியே உலகெங்கும் வந்தது. கடல் கடக்காத நாமும் நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, பிள்ளைகளின் தயவால், அதனைக் கண்டோம்.

அவர் அங்கே ஒப்புக்கொண்டவை சிறியனவல்ல. நெடுஞ்சாலையையும் காரோட்டத்தையும் பாடிய அவருக்கு, இளமையில் கார் ஓட்டவே தெரியாதாம். ஊரை விட்டு ஓடிப்போவதைப் பாடிப் பேர் பெற்ற அவர், இன்று வாழ்வது வளர்ந்த ஊரிலிருந்து பத்து நிமிடத் தொலைவில். எல்லாம் கற்பனை, ஒரு மாயவித்தை என்று அவரே சொல்லி விடுகிறார்.

இதற்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. ஒன்று, ‘அப்படியானால் அவர் ஏமாற்றுக்காரர்’ என்பது. மற்றொன்று, ‘கலைக்கு மெய் பொய் என்பதே கிடையாது, இனிமையாக இருந்தால் போதும்’ என்பது. இரண்டும் நமக்கு நிறைவு தரவில்லை.

முதல் விடையை நம் இலக்கிய மரபே ஏற்காது. தொல்காப்பியர் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைக் கூறி, அவை இயைந்து வருவதே புலனெறி வழக்கம் என்று வகுத்தார். புலவன் புனைவான் என்பது இலக்கணமே அளித்த உரிமை. தலைவியின் கூற்றாகவும் தோழியின் கூற்றாகவும் பாடிய கபிலரைப் பொய்யர் என்று எவரும் சொன்னதில்லை.

ஆனால் அதே மரபில் இன்னொரு விதியும் உண்டு. அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது. கேட்பவன் இதை இன்னாருடைய வாழ்வு என்று கொள்ளமாட்டான். ஆதலின் ஏமாறவும் மாட்டான். ராக் பாடகரின் நிலை அதுவன்று. அவர் ‘நான்’ என்று பாடுகிறார். தொழிலாளியின் உடையை உடுத்து நிற்கிறார். கேட்பவன் அந்த ‘நான்’ இவரே என்று நம்புகிறான். அந்நம்பிக்கையின்மீது பெயரும் பொருளும் குவிகின்றன. எனவே ‘இது கலை’ என்ற ஒரு சொல்லால் இரண்டாம் விடைக்காரர் தப்பிவிட முடியாது. பொய் என்று சொல்ல இயலாவிடினும் கடன் என்று ஒன்று இருக்கிறது. பிறர் பட்ட பாட்டை எடுத்து ஒருவர் பாட்டாக்கினால், பட்டவருக்கு அவர் கடன்பட்டவர் ஆகிறார்.

அந்தக் கடன் யாருக்கு உரியது என்பதை ஸ்பிரிங்ஸ்டீன் அறிந்திருக்கிறார். பாடுவதற்கு ஒரு குரல் தேடியபோது தம் தந்தையின் குரலையே தேர்ந்தெடுத்ததாக அவர் சொல்கிறார். தொழிலாளியின் உடையை உடுத்ததும் அது தந்தையின் உடை என்பதனாலேயாம். அந்தத் தந்தை மகனோடு அதிகம் பேசாதவர். மனச்சோர்வில் மூழ்கி, இரவில் சமையலறையில் தனியே அமர்ந்திருந்தவர். பேசாதவரின் பேச்சை மகன் பாடினார். பின்னர், மகனுக்கு முதற்குழந்தை பிறக்க இருந்த நாள்களில், அத்தந்தை நெடுந்தூரம் காரோட்டி வந்து, தாம் நல்ல தந்தையாக இருக்கவில்லை என்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டாராம். இதனைச் சொல்லும்போது பாடகரின் குரல் தழுதழுக்கிறது.

இன்னொரு கடன் இதனினும் கனமானது. இளமையில் அவர் இருந்த ‘காஸ்டைல்ஸ்’ என்னும் குழுவில் முரசு வாசித்த பார்ட் ஹெய்ன்ஸ் என்ற இளைஞர் 1967இல் வியட்நாம் போரில் மாண்டார். பின்னர் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் படைக்கு அழைப்பு வந்தது. தகுதியற்றவர் என்று தள்ளப்படுவதற்கு என்னவெல்லாம் செய்யலாமோ அவ்வளவும் செய்து அவர் தப்பினார். அவர் போகவில்லை, ஆனால் எண்ணிக்கை குறையவில்லை. தம் இடத்தில் யாரோ ஒருவர் போயிருப்பார். அவர் யார் என்று இன்றும் எண்ணுவதுண்டு என்று மேடையிலேயே சொல்கிறார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் பாடுவது 1984இல் வெளிவந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்னும் பாட்டு. போரிலிருந்து திரும்பி வேலையின்றி அலையும் ஒருவனின் புலம்பல் அது. அன்று இசைத்தட்டில் முரசொலி முழங்கியமையால், பலர் அதை நாட்டுப் பெருமை பேசும் பாட்டென்றே கொண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் அதிபர் ரீகன் நியூ ஜெர்சியில் தேர்தல் பரப்புரை செய்தபோது இப்பாடகரின் பெயரையும் எடுத்துப் பேசினார். அதே பாட்டை வால்டர் கெர் அரங்கில் அவர் ஒற்றைக் கிதாரின் கரகரப்போடு, ஏறத்தாழ ஓர் ஒப்பாரியைப் போலப் பாடினார். இப்போது அதைத் தவறாகக் கேட்க எவராலும் இயலாது.

சிறிய அரங்கின் பயன் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. பேரொலி பாடுபவனையும் மறைக்கும், கேட்பவனையும் மறைக்கும். இலட்சம் பேரோடு சேர்ந்து கூவும்போது எதைக் கூவுகிறோம் என்று எண்ண நேரமில்லை. ஒற்றைக் கருவியின் முன் சொல் சொல்லாகவே வந்து விழுகிறது. அதற்குப் பொறுப்பேற்றே ஆகவேண்டும்.

இங்கே இரண்டு தடைகளை எழுப்பலாம். 236 இரவுகள் ஏறத்தாழ ஒரே சொற்களில் சொல்லப்பட்ட ஒப்புதல் எங்ஙனம் உண்மையாகும் என்பது முதல் தடை. நாம் ஆண்டுதோறும் பெற்றோருக்குத் திதி கொடுக்கிறோம். அதே சொற்கள், அதே எள், அதே நீர். சொல் பழையது என்பதால் துயரம் பொய்யாகிவிடுவதில்லை. செய்பவன் மனம் அங்கே இல்லையானால்தான் பொய்யாகிறது. திரும்பச் சொல்லுதல் கடனைத் திரும்ப நினைத்தலும் ஆகும்.

இரண்டாம் தடை வலியது. அந்நிகழ்ச்சியின் நுழைவுச் சீட்டு 75 டாலரிலிருந்து 850 டாலர் வரை விற்றது. ஆலைத் தொழிலாளியின் வாழ்வைப் பாட்டாகக் கேட்க, ஆலைத் தொழிலாளியால் எளிதில் வாங்க முடியாத விலை. இதற்குச் சமாதானம் கூற நாம் முற்படவில்லை. ஒப்புக்கொள்வது கடனைத் தீர்ப்பதன் தொடக்கமே, தீர்த்துவிட்டதாகாது. இத்தடை அவர் பக்கத்தில் ஒரு கறையாகவே நிற்கட்டும்.

இனி நம்மிடம் வருவோம். ஓடிப்போவதைப் பாடிய அவர் ஊருக்குப் பத்து நிமிடத் தொலைவில் வாழ்கிறார். ஊரையே பாடும் நாமோ இரண்டு இரவு ரயில் பயணத் தொலைவில் வாழ்கிறோம். பொங்கல் விழாவில் கரும்பு கட்டுகிறோம். உழவின் பெருமை பேசுகிறோம். மலர்களில் வயல்வெளிக் கவிதைகள் எழுதுகிறோம். நம்முள் எத்தனை பேர் நாற்றங்காலில் கால் வைத்தவர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் நாம் உழவரின் உழைப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினோம். கைதட்டல் பெரிதாக இருந்தது. காவிரிக் கரையிலுள்ள நம் ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா முன் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில் அவர் சொன்னார்: “பேச்சு நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. ஆனா சேத்திலே இறங்கினது நானும் இல்லே, உங்கப்பாவும் இல்லே. இறங்கினவங்க பேரு ஒண்ணாவது உனக்குத் தெரியுமா?”

தெரியவில்லை. அப்பாவுக்குச் சோறு போட்ட நிலம், நம்மைப் படிக்க வைத்து இந்நகருக்கு அனுப்பிய நிலம். அதில் நாற்று நட்ட பெண்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியவில்லை. அன்றிரவு பெரியப்பாவை உட்கார வைத்துக் கேட்டோம். நினைவிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சிலருடைய பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் ஆலைகளுக்குப் போய்விட்டார்கள் என்றார். சில பெயர்கள் அவருக்கும் நினைவில்லை. ‘ஆளுங்க’ என்றுதான் கூப்பிட்டோம் என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

நாம் அன்று மேடையில் பேசியது பொய்யா? பொய் என்று சொல்லிவிட முடியாது. உழவு கடினமானது என்பது மெய்தானே. ஆனால் அந்தக் குரல் இரவல் குரல். இரவல் வாங்கினோம் என்பதை நாம் சொல்லவில்லை. யாரிடம் வாங்கினோம் என்பதை அறிந்துகொள்ளவும் முயலவில்லை. குற்றம் அங்கேதான் இருந்தது.

ஆகவே, பிறர் வாழ்வைப் பாடலாமா என்று கேட்டால், பாடலாம் என்பதே நம் விடை. பாடாவிடில் பேச வாய்ப்பில்லாதவர்களின் வாழ்வு அவர்களோடே மறைந்துபோகும். அந்தத் தந்தையின் சமையலறை மௌனத்தை உலகம் அறிந்திராது. ஆனால் பாடுவோருக்கு மூன்று கடமைகள் உண்டு. இது யாருடைய வாழ்வு என்று அறிந்திருத்தல் ஒன்று. அது நம்முடையதன்று என்பதை மறையாது சொல்லுதல் இரண்டு. பாட்டால் நமக்கு வந்ததில் ஒரு பங்கேனும் அவர்களிடம் திரும்பச் செல்ல வழி செய்தல் மூன்று. முதலிரண்டையும் அந்தப் பாடகர் செய்தார் என்பதற்கு அந்த மேடை சான்று. மூன்றாவது எவருக்கும் எளிதன்று, நமக்கும் எளிதன்று.

நம் பிள்ளைகள் ஊரைப் பற்றி அறிவதெல்லாம் நம் வாய்ச்சொல் வழியேதான். நாளை அவர்களும் இம்மேடையில் நின்று வயலைப் பாடுவார்கள். அவர்கள் குரல் இரவலுக்கு இரவலாக இருக்கும். வாங்கிய இடம் தெரியாமலே அவர்கள் பாடும்படி நாம் விட்டுவிடலாகாது. பெரியப்பா சொன்ன பெயர்களை நாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மொத்தம் பதினொரு பெயர்கள். அடுத்த பொங்கலுக்குப் பேச அழைத்தால், அந்தப் பெயர்களை முதலில் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது என்று எண்ணியிருக்கிறோம்.