வற்றின ஆறும் வற்றாத கலயமும்

(தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 17:1-16)



  

இந்த முறை ஒரு பாரத்தோடே எழுதுகிறேன். ஆராதனை முடிந்து ஜெபத்திற்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் வியாதிக்காக, கடனுக்காக, பிள்ளைகளின் கல்யாண காரியத்துக்காகக் கேட்பார்கள். இப்போ ஒரு புது விண்ணப்பம் வருது. "பாஸ்டர், ஆபீஸ்ல ஏ.ஐ. கொண்டு வந்துட்டாங்க. என் வேலை நிக்குமான்னு தெரியல. ஜெபம் பண்ணுங்க." செயற்கை நுண்ணறிவு என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அதுதான். 2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியே வந்தது முதல், இந்தப் பயம் படித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குள்ளே நுழைந்துவிட்டது.

சிலர், "இதுதான் 666, மிருகத்தின் முத்திரை" என்று பயமுறுத்துகிறார்கள். வேறு சிலர், "விசுவாசிக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் வேலை போனவனுக்கு ஆகாரம் தராது. வேதம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போமா?

எலியா கேரீத் ஆற்றண்டையில் இருந்தான். காலையும் மாலையும் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. தாகத்துக்கு ஆற்றுத் தண்ணீர். தேவனே அனுப்பின இடம், தேவனே ஏற்பாடு பண்ணின சாப்பாடு. ஆனாலும் அந்த ஆறு வற்றிப்போயிற்று!

1. ஆறு வற்றினதற்கு எலியாவின் பாவம் காரணமல்ல

தேசத்தில் மழையில்லை, ஆகவே ஆற்றில் தண்ணீர் இல்லை. வேதம் சொல்லுகிற காரணம் அவ்வளவுதான். எலியா கீழ்ப்படியாமல் போகவில்லை; கீழ்ப்படிந்துதான் அங்கே உட்கார்ந்திருந்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் தெரியுமா? நம் சபையில் ஒரு சகோதரி பதினாலு வருஷம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை செய்தார்கள். அமெரிக்காவிலே டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு பண்ணுவார். அந்தக் குரலை இங்கே ராத்திரியெல்லாம் விழித்துக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். வரிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். பிறகு கம்ப்யூட்டரே கேட்டு எழுத ஆரம்பித்தது. இவர்கள் பிழை திருத்தினால் போதும் என்றார்கள், வரிக்கூலி குறைந்தது. இப்போது டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, குறிப்பை முழுசாய் எழுதிக் கொடுக்கிற ஏ.ஐ. வந்துவிட்டது. இந்தத் தொழிலில் பெயர்பெற்ற நுவான்ஸ் கம்பெனியை மைக்ரோசாப்ட் 2022ல் சுமார் 1,970 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது என்றால், இதில் எவ்வளவு பணம் புரளுகிறது என்று பாருங்கள்! நம் சகோதரிக்கோ ஒரு நாள் "இனிமே வேலை இல்லை" என்று மெயில் வந்தது.

அதைவிட அவர்களை நோகடித்தது எது தெரியுமா? "ஏதாவது மறைவான பாவம் இருக்கும், உபவாசம் போட்டு அறிக்கை பண்ணுங்க" என்று ஒரு விசுவாசி சொன்ன வார்த்தை. பிரியமானவர்களே, யோபுவின் சிநேகிதர்கள் செய்த வேலையை நாம் செய்ய வேண்டாம். மழை இல்லாத தேசத்தில் நீதிமானுடைய ஆறும் வற்றும்.

2. எந்த ஆறு வற்றும் என்று நிதானிக்க வேண்டும்

ஆறு ஒரே ராத்திரியிலே வற்றுகிறதில்லை. நாளுக்கு நாள் ஓரத்தில் மணல் தெரியும். ஏ.ஐ.யும் அப்படித்தான். முழு வேலையையும் ஒரேயடியாய் எடுக்காமல், அதில் ஒவ்வொரு காரியமாய் எடுக்கும். சர்வதேச நிதியம் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, உலகத்தில் உள்ள வேலைகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தை ஏ.ஐ. தொடும் என்றது. பணக்கார தேசங்களில் அது 60 சதவீதம். தொடும் என்றால் அழிக்கும் என்று அர்த்தமில்லை. சிலருக்கு அது கைத்தடி, சிலருக்கு அது கோடரி.

உங்கள் வேலையை மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எழுத்தாகவோ குரலாகவோ படமாகவோ வந்து, திரும்ப அப்படியே போகிற வேலையா? தினமும் ஒரே மாதிரி வருகிற வேலையா? தப்பு வந்தால் "நான் பொறுப்பு" என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லையா? மூன்றுக்கும் ஆம் என்றால், மணல் தெரிய ஆரம்பித்துவிட்டது. டேட்டா என்ட்ரி, கால் சென்டர், சாதாரண மொழிபெயர்ப்பு, ஆரம்பநிலை புரோகிராம் எழுதுவது எல்லாம் இதில் வரும். 2025 ஆகஸ்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஏ.ஐ. அதிகம் தொடுகிற தொழில்களில் 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றத் தொழில்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருந்தது. முதல் படியில் கால் வைக்க வருகிற நம் வாலிபப் பிள்ளைகளுக்காக முழங்கால்படியிடுங்கள்!

கொத்தனாருக்கும், பிளம்பருக்கும், வார்டில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிற நர்ஸுக்கும் இந்த வெள்ளம் இவ்வளவு சீக்கிரம் வராது. பெரிய அறிவாளிகளின் கணக்கும் தப்பிப் போகிறதுண்டு. ஏ.ஐ.யின் தகப்பன்மாரில் ஒருவர் என்று சொல்லப்படுகிற ஜெப்ரி ஹிண்டன், 2024ல் நோபல் பரிசு பெற்றவர், 2016லேயே, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லுகிற ரேடியாலஜி டாக்டர்களை இனிமேல் பயிற்றுவிக்க வேண்டாம் என்று பேசினார். வருஷங்கள் போயின. ஸ்கேன் பார்க்கிற ஏ.ஐ. கருவிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஆனாலும் அந்த டாக்டர்களுக்கு இன்னும் தேவை இருக்கிறது. ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்துப் போட ஒரு மனுஷன் வேண்டுமே!

இன்னொன்று. 2023ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி தந்த பழைய தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். விசாரித்தால் அப்படி வழக்குகளே நடக்கவில்லை. மிஷின் கற்பனை பண்ணிக் கொடுத்திருந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். யாருக்கு? மிஷினுக்கா? மனுஷருக்குத்தான்! கணக்கு ஒப்புவிக்கிறவன் மனுஷன். தாலந்து உவமையில் எஜமான் கணக்குக் கேட்டது ஊழியக்காரரிடத்தில்தானே? (மத்தேயு 25:19). ஆகவே உண்மையும் பொறுப்பும் உள்ளவனாயிரு, தேவபிள்ளையே. அதை எந்தக் கருவியும் உனக்குப் பதிலாய்ச் செய்யாது.

3. "எழுந்து போ" என்ற சத்தத்துக்குக் காதுகொடு

ஆறு வற்றினபோது தேவன் எலியாவுக்கு அதே ஆற்றைத் திரும்ப ஓடப்பண்ணவில்லை. எழுந்து சாறிபாத்துக்குப் போகச் சொன்னார். அங்கே காகமும் இல்லை, ஆறும் இல்லை. இடமும் வேறே, வழியும் வேறே. போஷிக்கிறவர் மாத்திரம் அவரே! நாம் பல நேரம் போஷிக்கிறவரை விட்டுவிட்டு ஆற்றைப் பிடித்துக்கொள்ளுகிறோம்.

நானும் பவுலைப்போலக் கூடாரம் பண்ணுகிறவன்தான் (அப்போஸ்தலர் 18:3). பகலில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இப்போ பில்லைப் போட்டோ எடுத்தால் போதும், அதுவே வரவு செலவைப் பதிகிறது. ராத்திரி ஜெபம் முடிந்து, மகன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்ளுகிறேன். பிள்ளையிடத்தில் பாடம் கேட்பதற்கு வெட்கமென்ன? பெசலெயேலுக்கு ஞானமும் கைத்திறமையும் கொடுத்தவர் தேவ ஆவியானவர் என்று யாத்திராகமம் 31ல் வாசிக்கிறோம். புதிய வேலையைக் கற்பதற்கும் அபிஷேகம் கேளுங்கள்! ஏதேனில் பாவம் வருவதற்கு முன்னமே மனுஷனுக்கு வேலை இருந்தது (ஆதியாகமம் 2:15). வேலை சாபமல்ல, சம்பளச் சீட்டு மட்டும் வேலையும் அல்ல.

ஊழியக்காரரும் தப்பவில்லை. 2023 ஜூனில் ஜெர்மனியிலே பூர்த் என்ற ஊரில், பெரும்பாலும் ஏ.ஐ. எழுதின ஆராதனை நடந்தது. திரையில் தெரிந்த உருவம் பிரசங்கம் பண்ணிற்று. முந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து கேட்டார்கள். பிரசங்கத்தை மிஷின் எழுதும். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜி.எச். வராந்தாவில் உன் தோளில் கை வைத்து யார் அழுவார்கள்? லாசருவின் கல்லறையண்டையில் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே!

4. கலயத்தைத் திறக்கிற சபை

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். எலியாவைப் போஷிக்கத் தேவன் தெரிந்துகொண்டது யாரை? ஒரு கை மாவும் கொஞ்சம் எண்ணெயும் வைத்திருந்த ஏழை விதவையை! "எங்களுக்கே போதாது" என்று அவள் கதவைச் சாத்தியிருந்தால் இந்த அற்புதம் ஏது?

வேலை இழந்தவனுக்கு, "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்புகிற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்லுகிறார். ஆகையால் மூப்பர்கள் கூடி ஜெபித்து மூன்று காரியம் தீர்மானித்திருக்கிறோம். வேலை இழந்த குடும்பத்துக்கு மூன்று மாதம் அரிசியும் பருப்பும் சபையிலிருந்து போகும். யாருக்கு என்று சபையில் வாசிக்கப்படாது. சனிக்கிழமை மாலை, கம்ப்யூட்டர் தெரிந்த வாலிபர்கள் தெரியாத பெரியவர்களுக்கு இந்தப் புதுக் கருவிகளைச் சொல்லித் தருவார்கள். கடையோ தொழிலோ நடத்துகிறவர்கள், ஆள் வேண்டுமென்றால் முதலாவது சபையாரிடம் சொல்லுவார்கள். திராட்சத்தோட்டத்து உவமையில் பதினோராம் மணி வரைக்கும் கடைத்தெருவில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்ல. அவர்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்த அந்தச் சகோதரி இப்போ ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கிறார்கள். சம்பளம் குறைவுதான். பதினாலு வருஷம் காதால் கேட்ட வியாதிப் பெயர்கள் இப்போ கைகொடுக்குது. பயந்து வருகிற நோயாளிக்கு அதையெல்லாம் நல்ல தமிழில் விளக்கிச் சொல்லுகிறார்கள். மழை வருகிற நாள்வரைக்கும் கலயம் குறையாது என்றுதானே வாக்குத்தத்தம்!

ஜெபிப்போம்: அன்புள்ள பரம தகப்பனே, ஆறு வற்றின வீடுகளை நினைத்தருளும். அடுத்த இடத்தைக் காண்பியும். கற்றுக்கொள்ளத் தாழ்மையையும், பகிர்ந்துகொடுக்கத் தாராள மனதையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

உங்கள் ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்