யாரும் வராத கட்டில்

ஈப்போவில் வயதான தாயையோ தந்தையையோ பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப் போகும் குடும்பம், அந்த இல்லத்தை முதலில் மூக்கால்தான் அளக்கிறது. வாசலில் மூத்திர வாடை அடித்தால் திரும்பிவிடுகிறார்கள். டெட்டால் வாசம் வந்தால் மனம் சற்று ஆறுகிறது. பிறகு கண் வேலை செய்கிறது. தரை பளபளக்கிறதா, படுக்கை விரிப்பு வெளுப்பாக இருக்கிறதா, சுவரில் சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறதா, பெரியவர்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். அரைமணி நேரத்தில் முன்பணம் கட்டியாகிவிடுகிறது. ஒருவருடைய கடைசி ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பது அந்த அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

பெற்றோரை இல்லத்தில் விடலாமா கூடாதா என்று நம் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், நினைவு தப்பிய ஒருவரை இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, இல்லத்தில் சேர்ப்பதைப் பாவம் என்று சொல்வது கொடுமை. சேர்த்த பிறகு எழும் கேள்விதான் கடினமானது. அந்த இல்லம் நல்ல இல்லம் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? எதைக் கண்டு சொல்வது?

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966இல் எழுதிய அவெடிஸ் டோனபெடியன், மூன்று இடங்களில் பார்க்கச் சொன்னார். என்ன வசதி இருக்கிறது, என்ன செய்யப்படுகிறது, அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பவை அவை. நம் சட்டங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. மலேசியாவின் பராமரிப்பு மையச் சட்டம் 1993ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி பதிவு பெற ஊராட்சி மன்றமும் தீயணைப்புத் துறையும் சுகாதார இலாகாவும் ஒப்புதல் தர வேண்டும். இவை தேவையானவை. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத வரிசை வீட்டில் பதினைந்து முதியவர்களைப் படுக்க வைப்பது குற்றம். ஆனால் தீயணைப்புக் கருவி சுவரில் இருப்பதை வைத்து, நள்ளிரவில் தண்ணீர் கேட்ட கிழவிக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று சொல்ல முடியாது. முதியோருக்கான தனியார் சுகாதாரப் பராமரிப்பு நிலையங்களுக்கென்றே தனிச் சட்டம் 2018இல் அரசிதழில் வெளிவந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்த ஆண்டுகளில் இல்லங்களில் படுத்துக் கிடந்து இறந்தவர்களுக்கு அச்சட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

என்ன ஆயிற்று என்பதை அறிய விரும்புகிறவர் தரையைப் பார்க்க வேண்டாம், குதிகாலைப் பார்க்கட்டும். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது தாதிமை கற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. புரட்டாவிட்டால் உடல் எடை அழுந்தும் இடங்களில் இரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்குகிறது. குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி என்று புண் வரும் இடங்களும் தெரிந்தவையே. முதலில் சிவப்பு, பிறகு கொப்புளம், கடைசியில் எலும்பு தெரியும் குழி. சேர்க்கும்போது இல்லாத படுக்கைப் புண் மூன்று மாதத்தில் வந்திருந்தால், நோயோ வயதோ ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனால் இல்லம் அதற்கு விளக்கம் சொல்லியே தீர வேண்டும். உதடு வெடித்திருக்கிறதா, சட்டை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு உடல் இளைத்திருக்கிறதா, பேம்பர்ஸ் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பவற்றுக்குச் சான்றிதழ் பதில் சொல்லாது, உடல் சொல்லும். சில சமயம் தரையின் பளபளப்புக்கே விலை கொடுப்பது அந்த உடல்தான். யாரையும் நாற்காலியை விட்டு எழவிடாமல் வைத்திருந்தால் தரை நாள் முழுக்கச் சுத்தமாகவே இருக்கும்.

ஆனால் பார்க்க வருகிறவர் இதையெல்லாம் பார்க்க விரும்புகிறாரா? இங்கேதான் சிக்கல் இருக்கிறது. தாயை இல்லத்தில் சேர்த்த மகனுக்கு, அந்த இல்லம் நல்லது என்று ஆக வேண்டியிருக்கிறது. மோசம் என்று தெரிந்தால் அவர் வேறு இடம் தேட வேண்டும், கூடுதலாகப் பணம் புரட்ட வேண்டும், இல்லையென்றால் தாயை வீட்டுக்கே அழைத்துப் போக வேண்டும். ஆகவே மனம் நல்ல சேதியைத் தேடிப் போகிறது. தாயும் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க எனக்கு ஒரு கொறையும் இல்லப்பா" என்கிறார். மகன் கவலைப்படக் கூடாது என்பதற்காகச் சொல்லும் பொய் அது. சில சமயம் அதில் பயமும் கலந்திருக்கும், ஏனென்றால் மகன் போன பிறகு இரவில் உடன் இருக்கப் போகிறவர்கள் இல்லத்தார்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், சாட்சி, குற்றம்சாட்டப்பட்டவர் ஆகிய மூவருக்குமே ஒரே விடை வசதியாக இருக்கும் இடத்தில் உண்மை வெளிவருவது கடினம்.

இது ஈப்போ அடங்கிய பேராக் மாநிலத்துக்கு மட்டும் உரிய பலவீனம் அன்று. அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு 2008இல் வந்தபோது, எத்தனை பணியாளர்கள் இருக்கிறார்கள் என்பதை இல்லங்கள் தாங்களே சொல்லும் நிலை இருந்தது. சம்பளப் பதிவுகளோடு அதை ஒத்துப் பார்க்கும் முறை பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இங்கிலாந்தில் பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் நூற்றுக்கும் மேற்பட்ட முதியோர் இல்லங்களுக்கு நேரில் சென்று, 1962இல் தம் ஆய்வை நூலாக்கினார். நிர்வாகிகள் சொன்னதோடு நிறைவடையாமல், ஓர் இல்லத்தில் தாமே பணியாளராகச் சில நாள் வேலையும் செய்தார். முதியவரைக் குளிப்பாட்டிய பிறகுதான் ஒரு குளியலறையைப் பற்றிப் பேச முடியும் என்பது அவர் நடத்தையே காட்டிய பாடம்.

பேராக்கில் இந்த மதிப்பீட்டுக்கு இன்னொரு கனமும் உண்டு. சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் பக்கத் தோட்டங்களில் கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய தலைமுறைதான் இன்று எண்பதை எட்டியிருக்கிறது. வேலை இருந்தவரை லயத்து வீடு இருந்தது. வேலை போனதும் வீடும் போயிற்று. கித்தா மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன, பல தோட்டங்கள் வீடமைப்புக்காரர்களுக்கு விற்கப்பட்டன. பிள்ளைகள் புந்தோங்கிலும் சிலிபினிலும் குடியேறினார்கள், அவர்களின் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பெண்கள் காலையில் பால் வெட்டப் போக வேண்டும் என்பதற்காகத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. வெட்டி ஓய்ந்த கைகளுக்கென்று பெரும்பாலான தோட்டங்களில் ஒரு கூரையும் போடப்படவில்லை. இன்றைய பராமரிப்பு இல்லம் அந்தப் பழைய கடனின் மீதிதான்.

இப்படி ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடியவர். வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக வடியும் என்பதால் அந்த உடல் அதற்கே பழகிவிட்டது. நினைவு கலைந்த பிறகும் அதிகாலை நாலு மணிக்கு எழுகிறார், உளியையும் வாளியையும் தேடுகிறார், கதவைத் தட்டுகிறார். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர். கிழவி பேசும் தமிழ் அவருக்குப் புரியாது. அந்த நேரத்தில் நடப்பதுதான் இல்லத்தின் தரம். விளக்கைப் போட்டு, ஒரு கோப்பை வரக்காப்பி கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் இரண்டு சுற்று வந்தால், அது பராமரிப்பு. மற்றவர்கள் தூக்கம் கெடுகிறது என்று மாத்திரை கொடுத்தாலோ, கட்டிலோடு கையைக் கட்டினாலோ, மறுநாள் காலை இல்லம் மிக அமைதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வருகிற குடும்பம் அந்த அமைதியைப் பாராட்டிவிட்டுப் போகும்.

கட்டுவதை எதிர்ப்பவர்கள் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். கட்டாமல் விட்டு, அவர் விழுந்து இடுப்பு முறிந்தால் என்ன செய்வது? எண்பது வயதில் இடுப்பு முறிவு சிறிய விஷயம் அன்று. பலர் அதற்குப் பிறகு நடப்பதில்லை, சிலர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அதனால் "எங்க அம்மா விழாம பாத்துக்குங்க" என்று குடும்பம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விழுவதை மட்டுமே குற்றமாக எண்ணும் குடும்பம், கட்டிப் போடுவதற்குத் தன்னை அறியாமலே அனுமதி கொடுத்துவிடுகிறது. கட்டிய உடல் வலுவிழக்கிறது, புண் வருகிறது. அவிழ்த்துவிடும் நாளில் முன்னைவிட எளிதாக விழுகிறது. அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் பணியாளர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியவரைக் கட்டுவதைத் தடை செய்தது. அந்த எல்லை சரியான எல்லை. மருத்துவர் காரணம் எழுதி, குறித்த நேரத்துக்கு, குடும்பத்துக்குத் தெரிந்து செய்வது ஒன்று. ஆள் போதவில்லை என்பதற்காகச் செய்வது வேறொன்று. நடந்து விழும் ஆபத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதே நடக்கும் உரிமைக்கு நாம் தரும் விலை. அந்த ஆபத்தை ஏற்கிறோம் என்று குடும்பம் இல்லத்திடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஆள் போதவில்லை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். மலேசியாவில் வார வேலை நேர வரம்பு 2023 முதல் 45 மணி. இரவும் பகலும் ஒருவராவது விழித்திருக்க வேண்டுமானால் ஏறத்தாழ நான்கு பணியாளர்கள் வேண்டும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நான்கு பேருக்கு 6,800 வெள்ளி. அந்த ஒருவர் பத்து முதியவர்களைப் பார்த்துக்கொண்டால் தலைக்கு மாதம் 680, ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டால் 1,360. இதற்கு மேல் சேமநிதி, வாடகை, சாப்பாடு, பேம்பர்ஸ், மருந்து. எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறுக்குக் கொடுங்கள் என்று பேரம் பேசும் குடும்பத்துக்கு ஓர் இல்லம் தலையாட்டினால், அது எங்கோ கை வைக்கப் போகிறது. பெரும்பாலும் இரவு வேலையில்தான் கை வைக்கும். பகலெல்லாம் உழைத்த பெண்ணே இரவிலும் விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். களைத்த கைகள் முரட்டுத்தனமாகும். அதைப் பணியாளரின் குணம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. கொடுக்க முடிந்தும் கொடுக்காத குடும்பம் இல்லத்தின் குறைகளில் பங்காளி. கொடுக்கவே முடியாத குடும்பத்தின் இடத்தில் நிற்க வேண்டியது அரசு.

அரசின் இல்லமும் பேராக்கில் இருக்கிறது. தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள ரூமா ஸ்ரீ கெனாஙான், கவனிக்க ஆளில்லாத ஏழை முதியவர்களுக்கானது. அங்கும் தனியார் இல்லங்களிலும் வருகையாளரே இல்லாத கட்டில்கள் உண்டு. திருமணம் செய்யாமல் தோட்டத்திலேயே காலம் கழித்தவர்கள், பிள்ளைகள் முகவரி மாறிப் போனவர்கள், பேச்சு நின்று போனவர்கள் அவற்றில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கணக்குக் கேட்க யாரும் வருவதில்லை. இல்லத்தின் உண்மையான தரம் அந்தக் கட்டிலில்தான் தெரிகிறது. அடிக்கடி ஆள் வந்து போகும் கட்டிலை எந்த இல்லமும் ஒழுங்காக வைத்திருக்கும், அதில் இல்லத்துக்கும் இலாபம் உண்டு. கேட்பாரில்லாதவருக்கும் அதே நேரத்தில் பேம்பர்ஸ் மாற்றி, அதே சூட்டில் கஞ்சி ஊட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடும் இல்லம்தான் நல்ல இல்லம். அதற்குக் கீழே உள்ள எந்த மதிப்பெண்ணையும் நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் மதிப்பிடும் உரிமை, தன் தாயை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு முழுமையாகக் கிடையாது. சிங்கப்பூர் 1995இலும் இந்தியா 2007இலும் பெற்றோரைப் பேணப் பிள்ளைகளைக் கடமைப்படுத்தும் சட்டங்களை இயற்றின. அச்சட்டங்கள் பிள்ளை உள்ளவருக்கு உதவலாம். பிள்ளையும் உறவும் இல்லாதவரை அவை எட்டாது. அவரை எட்டக்கூடியவர் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த அந்நியர் மட்டுமே. சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். உங்கள் தாய்க்கு ஊட்டி முடித்ததும் அடுத்தவரின் தட்டையும் பாருங்கள், அவர் பெயரைக் கேளுங்கள், போர்வையின் நுனியில் தெரியும் அவர் குதிகாலைக் கவனியுங்கள். குறை கண்டால் முதலில் இல்லத்தாரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பல குறைகள் கேட்ட அன்றே தீரும். தீராவிட்டால், கட்டிய கையையும் ஆறாத புண்ணையும் மறுபடி கண்டால், தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசிக்கு 15999 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சொல்கிறவர் அந்த முதியவருக்கு உறவாக இருக்க வேண்டியதில்லை.