தந்தை விட்ட பொருள்

கோலார் தங்கவயலில் தையற்றொழில் செய்து குடும்பத்தைக் காத்த எம் தந்தையார், வெட்டி மிஞ்சிய துணி ஒரு சாணாயினும் உரியவரிடமே திருப்பித் தருவார். அவர் மறைந்தபின், தையல் இயந்திரம் யாருக்கென்று மக்களாகிய நாங்கள் பிணங்கினோம்; அவருடைய நேர்மை யாருக்கென்று ஒருவரும் கேட்டோமில்லை.

இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன், தந்தை இறக்குங்கால் சொன்னபடி ஆறு திசைகளையும் வணங்கிவந்தான். பகவன் புத்தர் அவனை இகழ்ந்தாரில்லை. கீழ்த்திசையென்பது பெற்றோரே எனப் பொருள் விளக்கினார். பெற்றோர்க்கு மக்கள் ஆற்றும் கடமைகள் ஐந்தனுள், அவர் விட்ட பொருளுக்கு உரியோராகத் தகுதி பெறுதல் நான்காவது. மறைந்தபின் அவர் பொருட்டுத் தானமளித்தல் ஐந்தாவது. முன்னதின்றிப் பின்னது நிறைவுறுமோ?

படத்திற்கு மாலையிடுதல் எளிது. பிறர் பொருளில் ஒரு சாணும் வைத்துக்கொள்ளாமையே தந்தையை நினைத்தலாகும்.