கைமாற்றும் கோர்ட்டும்



ஆய்க்குடியில் ஒருவர் தம்மோடு ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்கும் பழக்கக்காரருக்கு 10,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். “அறுப்பு முடியட்டும் அண்ணே” என்றார் வாங்கியவர். மூன்று அறுப்பு முடியப் போகிறது. வாங்கியவர் வீட்டுக்கு மாடி கட்டிவிட்டார். கொடுத்தவர் தென்காசி கோர்ட்டில் வழக்குப் போடலாமென்று வாய் திறந்ததும், ஊரார் கூடி, “ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைக் கோர்ட்டுக்கு இழுப்பதா?” என்று அவரையே குற்றவாளியாக்குகின்றனர். நம் மஹல்லாக்களில் இது புதிய காட்சியா?

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே ஒரு கடன் தகராறு நடந்தது. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்து, நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் கேட்டது. அவர்கள் திரைச் சீலையை விலக்கி வெளியே வந்து கஅபை அழைத்தார்கள். பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கையால் சைகை காட்டினார்கள். கஅபு அவர்கள் அக்கணமே இசைந்தார்கள். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் மற்றவரை நோக்கி, எழுந்து போய் மீதியைச் செலுத்துமாறு கட்டளையிட்டார்கள். இது புகாரியில் பதிவான நிகழ்ச்சி.

இதில் கடனைக் கேட்டவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவேயில்லை. நம் ஜமாஅத்துப் பஞ்சாயத்துகள் இந்த நிகழ்ச்சியின் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன. “விட்டுக்கொடு” என்று கொடுத்தவரிடம் சொல்லத் தெரிகிறது. “எழுந்து போய்க் கொடு” என்று வாங்கியவரிடம் சொல்ல நாக்கு எழுவதில்லை. அதனால்தான் ஏழை வாயிலே மண் விழுகிறது.

வாங்கியவர் உண்மையிலேயே கையில்லாதவரானால் விஷயம் வேறு. வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்ததென்றும் அல்பகரா அத்தியாயம் 280ஆவது வசனம் கூறுகிறது. ஆனால் வசதியுள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மாடி கட்டியவருக்கு 280ஆவது வசனத்தில் இடமில்லை.

அடுத்து வரும் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே மிக நீண்டது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சோம்பக் கூடாதென்பது அதன் கட்டளை. நாமோ, எழுதிக் கேட்டால் நட்புக்கு இழுக்கு என்கிறோம்!

நாட்டுச் சட்டத்தையும் அறிந்து கொள்ளுங்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கைமாற்றானால் கொடுத்த நாளிலிருந்தும், கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டானால் அதன் தேதியிலிருந்தும் 3 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். அதற்குள் கடன்பட்டவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அல்லது ஒரு பகுதியைச் செலுத்தி அதைத் தம் கையால் எழுதிக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு கிடைக்கும். வழக்குக்கு முன்பே தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம், கட்டணமில்லை. அங்கே இருவரும் இசைந்து முடிப்பது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. கஅபு அவர்களின் வழிக்கு இதுவே கிட்டியது என்பேன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. புரோநோட்டில் வட்டி விகிதம் எழுதாவிட்டாலும், ஆண்டுக்கு 18 சதவீதம் கணக்கிட மாற்றுமுறை ஆவணச் சட்டம் இடந்தருகிறது. வக்கீல் வழக்கம்போல் அதையும் சேர்த்து எழுதிவிடுவார். “அசல் போதும், வட்டி கேட்காதீர்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹலாலான பணத்தை மீட்கப் போய் ஹராமைச் சுமந்து வருவானேன்?

இனிக் கடன் வாங்கியவரிடம் ஒரு வார்த்தை. 3 ஆண்டு கடந்ததும் “கேஸ் நிற்காது” என்று மீசை முறுக்குகிறீர்கள். அந்தச் சட்டம் கோர்ட்டின் கதவைத்தான் மூடியது, கடனை அழிக்கவில்லை. அல்லாஹ்விடம் காலவரையறை ஏது? ஒரு ஜனாஸாவின் மீது 2 தீனார் கடன் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் தொழுவிக்காமல் ஒதுங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள்.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸொன்று அபூதாவூதில் உள்ளது. வாரிசுச் சொத்துக்காக இருவர் வழக்காடி வந்தனர். சாட்சி எவரிடமும் இல்லை. தாமும் மனிதரே என்றும், ஒருவரின் வாதத் திறமையைக் கேட்டு அவருடைய சகோதரனின் உரிமையை அவருக்கே தீர்ப்பளித்துவிட்டால், தாம் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நரக நெருப்பின் ஒரு துண்டே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இருவரும் அழுதுவிட்டனர். “என் பங்கு அவருக்கே” என்றார் ஒருவர். மற்றவரும் அதையே சொன்னார். நியாயமாகப் பங்கிட்டு, சீட்டுப் போட்டு எடுத்து, ஒருவரையொருவர் மன்னித்துக் கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் இருவரையும் அனுப்பி வைத்தார்கள்.