கேட்டவன் கடன்

பிறர் துயரைக் கேட்டு எழுதுவோன் அத்துயருக்கு எவ்வளவு கடமைப்பட்டவன் என்னும் வினா, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர்க்கு வெறும் ஏட்டு வினா அன்று. போர்க்காலத்தில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் சென்று, எழுதிக்கொண்டு மீண்டனர். அழுதவர்கள் அக்கரையிலேயே இருந்தனர். மண்முனையிற் பாலம் அமைந்தது 2014 இலேதான். ஆயின் யான் கருதும் இடைவெளி பாலத்தால் அடைபடுவதன்று.

1990 செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், மீளவில்லை. மறு ஆண்டு யூன் 12 இல் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் நிகழ்ந்த படுகொலையில் 67 பேர் இறந்தனர் எனச் சனாதிபதி ஆணைக்குழு கண்டது. ‘எத்தனை பேர்?’ என்பதே செய்தியாளனின் முதல் வினா. அது பிழையென்று கூறேன். எண் இன்றேல் உலகம் நம்பாது. ஆயின் ஒப்பாரி சொல்லும் தாய் எண்ணிக்கை சொல்வதில்லை. அவள் மகனை விளித்தே பேசுகிறாள். அவன் நடையைச் சொல்கிறாள், அவன் உண்ட கோப்பையைச் சொல்கிறாள், பாதியில் நின்ற கலியாணப் பேச்சைச் சொல்கிறாள். அப்பேச்சு இறந்தவனுக்குரியது. செய்தியாளன் அதனை இடையிலிருந்து கேட்டவனே. அங்ஙனம் கேட்டதை எடுத்துச் சென்றவன், ‘அதனை என் செய்தாய்?’ என அவள் வினவின் விடைகூறக் கடமைப்பட்டவன்.

ஆபத்தை ஏற்பதால் அக்கடன் தீருமோ? லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ செய்தியாளர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் அரசின் தடையை மீறி வன்னி சென்று மீள்கையில் இராணுவத் தாக்குதலில் இடக் கண்ணை இழந்தார்; 2012 இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரிற் கொல்லப்பட்டார். அவர் வாய்மையை ஐயுறுவார் எவர்? எனினும் துயருற்றோர் அவரிடம் கண்ணைக் கேட்கவில்லை. தாம் சொன்னது பிழைபடாது போய்ச்சேர வேண்டுமென்றே கேட்டனர். துணிவு வேறு, கடன் வேறு.

‘வெளியார்’ என்ற சொல்லையும் நாம் சற்று எண்ணியே ஆளவேண்டும். ஐயாத்துரை நடேசன் நெல்லியடியிற் பிறந்தவர். ‘நெல்லை’ என்பது அவர் புனைபெயரிலேயே ஒட்டியிருந்தது. மட்டக்களப்புக்கு அவரும் வந்தவரே. ஆனால் வந்தவர் தங்கினார். கதை சொன்னவள் மறுநாட் சந்தையில் அவரை மறித்துக் கேட்கக்கூடிய தூரத்தில் வாழ்ந்தார். 2004 மே 31 அன்று, அதே நகரில், பணிக்குச் செல்லும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பிற் பிறந்து, ‘தராக்கி’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதிய சிவராம் 2005 ஏப்ரல் 28 இல் கொழும்பிற் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தார். இவ்விரு கொலைகளுக்கும் எவரும் தண்டிக்கப்படவில்லை. உள்ளூரான் வாய் இவ்வாறு அடைக்கப்படும்போது, திரும்பிச் செல்ல நாடுடைய அயலானின் பேனா எமக்குத் தேவையாகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. யான் வேண்டுவது அவன் வராதிருத்தலையன்று. மீண்டும் ஒருமுறை வருதலை.

செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலையில் உறவினர் கூடுவதுண்டு. அன்று அவர்கள் கேட்பது ‘எத்தனை பேர்’ என்றன்று, ‘எங்கே’ என்று.